எட்டு ஏக்கர் கொறங்காடு மொட்டையாகிவிட்டது: புல்லைத் திரும்பக் கொண்டுவர வழி உண்டா?

மூலனூர்ப்பக்கம்:

வணக்கம். மூலனூருக்கும் தாராபுரத்துக்கும் நடுவில் எங்களுக்கு எட்டு ஏக்கர் கொறங்காடு, அதாவது உயிர்வேலி போட்ட மானாவாரி மேய்ச்சல் நிலம், இருக்கிறது. செம்மண் சரளை. அப்பா இருந்தவரை காங்கேயம் மாடுகளும் கொஞ்சம் மயிலம்பாடி ஆடுகளும் அதை நம்பித்தான் இருந்தன. நான் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்கு வந்த பிறகு, ஆட்டுக்காரர் ஒருவருக்கு ஆண்டுக் குத்தகைக்கு விட்டோம். அவர் மீது குறை சொல்லவில்லை. பேசிய பணத்தைச் சரியாகக் கொடுத்தார். ஆனால் ஆடு ஒரு நாளும் காட்டை விட்டு வெளியேறவில்லை.

இப்போது போய்ப் பார்த்தால் பாதிக்கு மேல் வெறும் தரை. மழை பெய்தால் தண்ணீர் உள்ளே இறங்காமல் சிவப்பாக ஓடி வண்டித்தடத்தில் சேர்கிறது. கிழக்குப் பக்கம் சீமைக்கருவேலம், மேற்கில் பார்த்தீனியம். கிளுவை வேலி பல இடங்களில் பட்டுப்போய், நாய்கூட நிமிர்ந்து நுழையும் அளவுக்குச் சந்து விட்டிருக்கிறது. வெள்வேலாமரங்கள் மட்டும் நிற்கின்றன. கொழுக்கட்டைப்புல் வேலி ஓரத்தில் தூர் தூராக இருக்கிறது.

ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். நர்சரிக்காரர் மகாகனி நடச் சொல்கிறார். சோலார் கம்பெனித் தரகர் வாரம் ஒருமுறை கூப்பிடுகிறார். சித்தப்பா மொத்தத்தையும் உழுது புல் விதைக்கச் சொல்கிறார். எனக்கு நாற்பது செம்மறி வைத்துக்கொண்டு ஊரோடு இருக்க ஆசை. மழையோ முன்புபோல் இல்லை. 2016இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தபோது அப்பா மாடுகளை அடிமாட்டு விலைக்கு விற்றது இன்னும் கண்ணில் நிற்கிறது. இந்த நிலத்தை மீட்க முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?

சொட்டுநீர்_செல்வம்:

நண்பரே, கொறங்காடு எல்லாம் தாத்தா காலத்துக் கதை. ஆயிரம் அடிக்கு ஒரு போர் போடுங்கள். ஒரே ஏக்கரில் கோ-4 கம்பு நேப்பியர் தீவனப்புல் நட்டால் நாற்பது ஆட்டுக்கும் தீவனம் கிடைக்கும். பரண் மேல் ஆடு, வெட்டிப் போடும் புல். மீதி ஏழு ஏக்கரைச் சோலாருக்கு விட்டுவிட்டால் மாதா மாதம் பணம். ஏன் மழையை அண்ணாந்து பார்க்க வேண்டும்?

படல்வாசல்:

தம்பி, மேலே செல்வம் சொன்னதில் ஒரு கேள்வி விட்டுப்போயிற்று. ஆயிரம் அடியில் தண்ணீர் இருக்கிறது என்று அவரிடம் யார் சொன்னார்கள்? கோ-4 பத்து நாளுக்கு ஒரு தண்ணீர் கேட்கும் பயிர். அமராவதி வாய்க்கால் பாயும் இடத்தில் இருப்பவர் நடட்டும். மேட்டாங்காட்டில் போர் வற்றிய அன்று புல்லும் போகும், கடன் மட்டும் நிற்கும்.

நான் காங்கேயத்துக்குத் தெற்கே இருக்கிறேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கொறங்காட்டில்தான் பிழைப்பு. ஆண்டுக்கு 600 மில்லிமீட்டரை ஒட்டிய மழை. அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில். மீதி நாளெல்லாம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வந்து இருக்கிற ஈரத்தையும் உறிஞ்சிக்கொண்டு போகும். இந்த மழைக்கும் இந்தக் காற்றுக்கும் நின்று காட்டிய ஏற்பாடு மூன்றும் உங்கள் காட்டிலேயே இருக்கின்றன: சுற்றிலும் கிளுவை, நடுவில் வெள்வேல், கீழே கொழுக்கட்டை. நீங்கள் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

உங்கள் நிலத்தில் குறைந்துபோனது விதை அல்ல, ஓய்வு. முதல் மழைக்குக் கொழுக்கட்டைத் தூர் துளிர்ப்பது வேரில் சேர்த்து வைத்ததைச் செலவழித்துத்தான். அந்தத் துளிரை ஆடு கடித்தால் வேர் மறுபடியும் செலவழிக்க வேண்டும். இரண்டு மூன்று முறை இப்படி ஆனால் தூர் செத்துவிடும். செம்மறி வேறு தரையோடு ஒட்டக் கடிக்கும். ஆகவே புரட்டாசிக் கடைசியில் மழை தொடங்கியதும் வேலி வாசலில் இருக்கும் படலைச் சாத்துங்கள். புல் பூத்து, விதை முற்றி, தரையில் உதிரும்வரை, அதாவது மார்கழி முடியத் திறக்காதீர்கள். சித்திரை மழைக்குத் துளிர்த்தாலும் இதே சட்டம்தான். முதல் ஆண்டு ஒரு ஆடுகூட உள்ளே வேண்டாம். கேட்கக் கசப்பாக இருக்கும். ஆனால் பணம் செலவில்லாத மருத்துவம் இது ஒன்றுதான்.

மொத்தமாக உழ வேண்டாம். எங்கள் மாமனார் காலத்தில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கொறங்காட்டை உழுது சோளமோ கொள்ளோ விதைப்பார்கள். அது புல் நிறைந்த காட்டைப் புதுப்பிக்கிற வேலை. மொட்டைக் காட்டை உழுதால், மழை தவறிய ஆண்டில் மேல்மண் ஆடிக்காற்றோடு போய்விடும். அம்மியே பறக்கிற காற்றுக்கு உழுத மண் எம்மாத்திரம்?

வெறும் தரையில் மேல்மண் ஓடுபோல் இறுகியிருக்கும். அங்கே சீமைக்கருவேலத்தை வெட்டிய முள்ளையே குறுக்காகப் பரப்பி வையுங்கள். தண்ணீர் வேகம் குறையும், காற்றில் வருகிற விதை தங்கும், நிழல் விழும், எந்த ஆடும் மூக்கை நீட்டாது. சரிவுக்குக் குறுக்கே முழங்கால் உயரத்துக்கு மண்வரப்பு போட்டு, உள்பக்கம் பிறைபோல் குழி எடுத்தால் ஓடுகிற தண்ணீர் அதில் நிற்கும். புல் முதலில் அந்தக் குழிகளில்தான் பிடிக்கும். நிலம் முழுவதும் ஒரே நாளில் பச்சையாகும் என்று எதிர்பார்க்காதீர்கள். சீமைக்கருவேலத்தைத் தரையோடு வெட்டினால் நான்கு மடங்காகத் தழைக்கும். ஒரு முழம் தோண்டி, வேர்க்கழுத்துக்குக் கீழே வெட்ட வேண்டும். பார்த்தீனியத்தைப் பூக்கும் முன் பிடுங்குங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், அந்த அரிப்பு லேசில் போகாது.

வேலிக்கு, கோடையில் இலை உதிர்ந்து நிற்கும்போது பக்கத்துக் காட்டுக்காரரிடம் கேட்டுக் கிளுவைப் போத்து (நடுவதற்கான கிளைத்துண்டு) வெட்டி, மழைக்கு முன் சந்துகளில் ஊன்றுங்கள். வேலி இல்லாமல் ஓய்வு கொடுக்கிறேன் என்பது பேச்சோடு நின்றுவிடும். உங்கள் ஆட்டைத் தடுத்துவிட்டு ஊர் ஆட்டுக்கு விருந்து வைத்த கணக்காகிவிடும்.

மகாகனி நடச் சொன்னவரைக் கோடைக்குக் குடத்தோடு வரச் சொல்லுங்கள். நிற்கிற வெள்வேலே போதும். அதன் நிழல் சல்லடை நிழல், கீழே புல் வளரும். கோடையில் காய் உதிர்ந்து ஆட்டுக்குத் தீனியாகும். அந்தக் காயைத் தின்ற ஆட்டின் புழுக்கையில் விதை தோல் இளகி வெளிவந்து, அடுத்த மழைக்குத் தானே முளைக்கும்.

சோலாரைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். கையெழுத்துப் போடும் முன் மரங்களை என்ன செய்வார்கள் என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

புதுமேய்ச்சல்:

அம்மா சொல்வது சரிதான், ஆனால் ஓராண்டு முழுதும் காட்டைச் சும்மா போடுவது வீண். ஜிம்பாப்வேயின் சூழலியலாளர் ஆலன் சேவரி சொல்லும் மேய்ச்சல் முறையைப் பாருங்கள். எட்டு ஏக்கரை இருபது கட்டங்களாக மின்வேலியால் பிரித்து, கூட்டமாக ஆடுகளை விட்டு ஒரே நாளில் மேய்த்து நகர்த்த வேண்டும். குளம்பு பட்டால் மண் ஓடு உடையும், சாணம் விழும், புல் பீறிட்டு வரும். வறண்ட நிலத்துக்கு மந்தைதான் மருந்து.

தீவனப்பயிர்_மாணவன்:

சேவரி முறைக்கு உலகெங்கும் ஆதரவாளர்கள் உண்டு. ஆனால் பல நாடுகளின் மேய்ச்சல் சோதனைகளைத் திரட்டிப் பார்த்த ஆய்வாளர்கள், கட்டம் மாற்றி மேய்ப்பதால் மட்டும் புல் கூடியதாகப் பொதுவாகக் காணவில்லை. எத்தனை உருப்படி நிற்கிறது, எவ்வளவு மழை பெய்தது என்ற இரண்டுதான் பெரும்பாலும் முடிவு செய்கின்றன. எட்டு ஏக்கருக்கு இருபது கட்ட மின்வேலி வாங்கும் பணத்தில் பல ஆண்டுகளுக்குச் சோளத்தட்டு வாங்கலாம். குளம்பும் சாணமும் வேண்டுமென்றால் நம் ஊர்ப் பட்டி முறை இருக்கிறதே. தட்டிகளை வைத்து இரவில் ஆட்டை அடைத்து, சில நாளுக்கு ஒருமுறை வெறும் தரையில் இடம் மாற்றிக்கொண்டே போனால் போதும். ஆப்பிரிக்காவின் வறண்ட பகுதிகளிலும் மொட்டைத் திட்டுகளில் இப்படி மாட்டை அடைத்துப் புல்லை மீட்கிறார்கள். உங்கள் காட்டில் அதை இரண்டாம் ஆண்டில் செய்யுங்கள்.

விதைப்பதானால் ஒரு தகவல். கொழுக்கட்டை விதைக்கு உறக்கம் உண்டு. இந்த மார்கழியில் உருவியதை உடனே விதைத்தால் சரியாக முளைக்காது. காற்றோட்டமான சாக்கில் கட்டி வைத்து அடுத்த ஐப்பசிக்கு விதையுங்கள். பஞ்சுபோல் பறக்கும் என்பதால் ஈர மணலும் சாணத்தூளும் கலந்து தூவ வேண்டும். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் மண் மூடக் கூடாது. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ-1 நீலக் கொழுக்கட்டை என்றால் ஏக்கருக்கு இரண்டரை முதல் மூன்று கிலோ. நரிப்பயறும் கொஞ்சம் கலந்தால் மண்ணுக்குத் தழைச்சத்து.

கூடுதலாக ஒன்று. நாம் தேடுகிற இதே கொழுக்கட்டைப்புல் ஆஸ்திரேலியாவில் களை. ஒட்டகச் சேணத்துக்குள் திணித்த வைக்கோலாக 19ஆம் நூற்றாண்டில் அங்கே போய், பிறகு மேய்ச்சலுக்காகவே விதைத்துப் பரப்பப்பட்டது. அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்தில், தீயே அறியாத கள்ளிக்காட்டுக்குள் அது தீயைக் கொண்டுபோகிறது. அதனால் வெளிநாட்டு ஆய்வுக் கட்டுரைகளில் இந்தப் புல்லைத் திட்டியிருந்தால் பயப்பட வேண்டாம். இது நம் மண்ணின் புல், இதைக் கடித்து அளவோடு வைக்க இங்கே மாடும் ஆடும் இருக்கின்றன.

மூலனூர்ப்பக்கம்:

அனைவருக்கும் நன்றி. படல்வாசல் அம்மா, ஓராண்டு சாத்தி வைக்க மனம் ஒப்பிவிட்டது. சித்தப்பாவிடமும் பேசிவிட்டேன், முணுமுணுத்தார். ஆனால் நாற்பது ஆடு என்ற கணக்கு சரிவருமா என்று நீங்கள் சொல்லவில்லை. எங்கள் ஊரில் ஏக்கருக்கு ஐந்து ஆடு என்று பேச்சு வழக்கில் சொல்வார்கள்.

படல்வாசல்:

ஏக்கருக்கு ஐந்து என்பது மழை பெய்த ஆண்டில் டீக்கடையில் சொன்ன கணக்கு, கண்ணு. புல்லைக் கேட்காமல் ஆட்டை எண்ணக் கூடாது.

மார்கழிக் கடைசியில் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் மூங்கில் சட்டம் ஒன்று கட்டிக் காட்டுக்குள் வீசுங்கள். விழுந்த இடத்துக்குள் இருக்கிற தின்னத்தக்க புல்லை அரிவாளால் அறுத்து, நன்றாகக் காயவிட்டு, எடை போடுங்கள். பல இடத்தில் செய்து சராசரி எடுங்கள். ஏக்கர் என்பது ஏறத்தாழ 4,000 சதுர மீட்டர். சராசரி 100 கிராம் வந்தால் ஏக்கருக்கு 400 கிலோ, எட்டு ஏக்கருக்கு 3,200 கிலோ. அதில் பாதியைத் தரைக்கும் வேருக்கும் விட்டுவிட வேண்டும். மீதி 1,600 கிலோ. முப்பது கிலோ செம்மறி ஒன்றுக்கு நாளைக்கு ஒரு கிலோ காய்ந்த புல் என்று வைத்துக்கொண்டால், தை முதல் ஆனி முடிய 180 நாளுக்கு ஒன்பது ஆடு. நாற்பது எங்கே, ஒன்பது எங்கே! காடு தேறத் தேற அந்த 100 கிராம் ஏறும். ஏறிய பிறகு ஆட்டை ஏற்றுங்கள்.

இன்னொன்று, இதுதான் முக்கியம். மழை குறைந்துகொண்டே போகும் காலத்தில் ஆட்டை எப்போது வாங்குவது என்பதைவிட எப்போது விற்பது என்பதைத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். உங்கள் அப்பா போலத்தான் ஊரே 2016இல் விற்றது. அது தமிழ்நாட்டில் 140 ஆண்டுகளில் மிக மோசமான வடகிழக்குப் பருவமழை. அந்தப் பருவத்துக்கு 440 மில்லிமீட்டர் பெய்ய வேண்டிய இடத்தில் 168தான் பெய்தது. ஆனால் பாருங்கள், கார்த்திகை முடியும்போதே புல் இல்லை என்பது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. தை மழை வரும், மாசி மழை வரும் என்று காத்திருந்துவிட்டு, ஊரே ஒரே சந்தைக்கு எலும்பும் தோலுமாக ஓட்டிக்கொண்டு போனால் வியாபாரி என்ன விலை சொல்வான்? மூங்கில் சட்டக் கணக்கில் புல் போதாது என்று வந்தால், உடம்பில் கறி இருக்கும்போதே கிடாக்களையும் கழித்துக்கட்ட வேண்டிய கிழ ஆடுகளையும் அந்த மாதமே விற்றுவிடுங்கள். நல்ல தாயாடுகளை மட்டும் சோளத்தட்டு வாங்கிப் போட்டாவது காப்பாற்றுங்கள். காட்டைச் சாத்துகிற மாதங்களுக்கும் தட்டுப்போர் வேண்டும், அதை முன்கூட்டியே வாங்கி அடுக்கிவிடுங்கள்.

மறுபடி குத்தகைக்கு விடுவதானால் ஆண்டுக்கு இவ்வளவு என்று பேசாதீர்கள். அப்படிப் பேசினால் கொடுத்த பணத்துக்குக் கடைசிப் புல்வரை மேய்ப்பதுதான் அவருக்கு நியாயம். உருப்படிக்கு மாதம் இவ்வளவு, புரட்டாசி முதல் மார்கழிவரை படல் சாத்தியிருக்கும் என்று எழுதி வாங்குங்கள்.

கமுதிக்கரிமூட்டம்:

எல்லாரும் சீமைக்கருவேலத்தை விரட்டுகிறீர்கள். எங்கள் இராமநாதபுரம் பக்கம் கோடையில் ஆடு உயிர் பிழைப்பதே அந்தக் காயில்தான், கரிமூட்டத்தில்தான் எங்கள் அடுப்பும் எரிகிறது.

படல்வாசல்:

உங்கள் ஊருக்கு அது சோறு போடுகிறது, மறுக்கவில்லை. ஆனால் வேரோடு எடுத்த காட்டில் அந்தக் காயைத் தின்ற ஆட்டை உடனே விட்டால் புழுக்கையிலேயே விதைப்பு நடந்துவிடும். வெளியே மேய்ந்து வந்ததை நான்கைந்து நாள் பட்டியில் வைத்து, வயிறு கழிந்த பிறகே உள்ளே விட வேண்டும். மூலனூர்த் தம்பியும் இதைக் குறித்துக்கொள்ளட்டும்.

மூலனூர்ப்பக்கம்:

குறித்துக்கொண்டேன் அம்மா. ஒரு சந்தேகம். சட்டம் புல்லே இல்லாத வெறும் தரையில் விழுந்தால் மறுபடி வீசலாமா?

படல்வாசல்:

கூடாது. பூஜ்யம் என்று எழுதி, சராசரியில் சேருங்கள். நல்ல இடமாகப் பார்த்து வீசுகிறவருக்குத்தான் ஏக்கருக்கு ஐந்து ஆடு வரும்.