அப்பலேச்சிய நிலக்கரி ஊர்களின் பழைய படங்கள்: எதைச் சாட்சியாக எடுக்கலாம்?

கரிப்பாறை:
அமெரிக்காவின் அப்பலேச்சிய மலைப்பகுதியில், கென்டக்கி மாநிலத்தின் ஜென்கின்ஸ் ஊரை 1911-12இல் கன்சாலிடேஷன் கோல் என்ற சுரங்க நிறுவனம் கட்டியது. அப்போது எடுத்த படங்களைக் காட்டி, "வீடுகள் நன்றாகத்தானே இருந்தன" என்று பலர் பகிர்கிறார்கள். பெயின்ட் காயாத வீட்டைப் படம் எடுத்தால் நன்றாகத்தான் தெரியும். நிறுவனம் எடுத்த படங்களை வாழ்க்கைக்குச் சாட்சியாக வைக்கவே கூடாது என்பது என் கட்சி. புகைப்படக்காரர் லூயிஸ் ஹைன் 1908 செப்டம்பர், அக்டோபரில் மேற்கு வர்ஜீனியாவில் குழந்தைத் தொழிலை எதிர்த்த குழுவுக்காக எடுத்த படங்கள் போதும். சுரங்கத்துக்குள் கதவைத் திறந்து மூடும் 15 வயதுப் பையனின் படத்தோடு, நாளுக்கு 10 மணி நேரம், கூலி 75 சென்ட் என்று குறிப்பும் எழுதி வைத்திருக்கிறார். நிறுவனப் படம் எதிலாவது கூலி எழுதியிருக்கிறதா?

ஒளித்தகடு:
ஒப்புக்கொள்ள மாட்டேன் நண்பரே. ஹைனும் ஒரு வழக்கை நிரூபிக்கப் போனவர்தான். அவர் வழக்கு நியாயமானது, அது வேறு விஷயம். நீங்கள் சொன்ன அதே படத்தைப் பாருங்கள். கதவு முழுக்கப் பறவைகளும் கிறுக்கல்களும் இருக்கின்றன. இருட்டில் அவை தன் கண்ணுக்குப் படவில்லை, படம் பதிந்த தகட்டைக் கழுவிய பிறகுதான் தெரிந்தன என்று ஹைனே குறித்திருக்கிறார். மெக்னீசியம் தூள் எரிந்த ஒரு நொடி வெளிச்சத்தில் பதிந்த காட்சி அது. தொப்பியில் மாட்டிய எண்ணெய்த் திரி விளக்கோ சில அடி தூரத்துக்குத்தான் எட்டும். அந்தச் சுரங்கப் பாதையைப் படம் காட்டும் விதத்தில் அங்கே வேலை செய்த எவரும் ஒருநாளும் பார்த்ததில்லை.

கரிப்பாறை:
அந்தப் பறவைகளை வரைந்தது யார்? பல மணி நேரம் கதவருகே தனியாகக் காத்திருக்கும் ஒருவர்தானே, அந்தச் சின்ன விளக்கொளியிலேயே. அது அன்றாட வாழ்க்கை இல்லையா? பாதை எப்படித் தெரிந்தது என்பதில் நீங்கள் சொல்வது சரி. பையனைப் பற்றிய சாட்சி அதனால் கெடவில்லை.

ஒளித்தகடு:
கெடவில்லை, சரி. ஆனால் ஹைன் பிள்ளைகள் வேலை செய்த இடங்களைத்தான் தேடிப் போனார். தண்டவாளம், கரியை ரயிலில் ஏற்றும் டிப்பிள் என்ற மேடை, கரியைச் சுட்டுக் கோக் ஆக்கும் சூளை வரிசை இதெல்லாம் நிறுவனப் பொறியாளர்களின் படங்களில்தான் நிறைய இருக்கிறது. அவற்றின் நடுவைப் பார்க்காதீர்கள், ஓரத்தைப் பாருங்கள். எத்தனை வீட்டுக்கு ஒரு குழாய், கழிப்பறை ஓடைக்கு எவ்வளவு அருகில், துணிக்கொடி சூளைப் புகைக்கு எந்தப் பக்கம் என்று எண்ணிவிடலாம். தேன்கூடு போலக் குவிந்த தேனடைச் சூளையில் கரி 48 மணி நேரம், இரும்பு வார்க்கும் ஆலைக்கான கோக் என்றால் 72 மணி நேரம் வெந்துகொண்டே இருக்கும். காற்று மாறினால் வெளுத்த துணியில் கரி படியும். இதை மறைக்க வேண்டும் என்று படம் எடுத்தவருக்குத் தோன்றவே இல்லை.

மலையடி:
இரண்டு திருத்தங்கள். இந்த விவாதங்களில் அடிக்கடி வரும் படம், பலகையில் குனிந்து உட்கார்ந்து கல் பொறுக்கும் சிறுவர் வரிசை. அது மேற்கு வர்ஜீனியா இல்லை. 1911 ஜனவரியில் பென்சில்வேனியாவின் சவுத் பிட்ஸ்டனில் ஹைன் எடுத்தது. அங்கே கிடைப்பது ஆந்த்ரசைட் என்ற கெட்டிக் கரி. அதை உடைத்துத் தரம் பிரிக்கத் தனி ஆலை வேண்டும், படத்தில் இருப்பது அதுதான். தெற்கே இருப்பது மென்கரி, அதற்கு டிப்பிளும் சல்லடையும்தான்.

இரண்டாவது, முகத்தின் கருமையை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அக்காலத் தகடுகளில் பெரும்பாலானவை சிவப்பு ஒளியைப் பதியாதவை. வெயிலில் சிவந்த தோல் கறுத்துத் தெரியும், நீல மேலாடை வெளுத்துத் தெரியும். இதை மறந்து ஒருவர் வெள்ளையரா கறுப்பினத்தவரா, குளித்தவரா குளிக்காதவரா என்று எழுதுவது தவறு.

கரிப்பாறை:
முகத்தை விடுகிறேன். கரி வண்டியைப் பார்ப்போமா? நிறுவனப் படங்களில் சில வண்டிகளுக்கு மேல் விளிம்பில் கூடுதல் பலகை அடித்திருக்கும். 2,000 பவுண்டுக்குக் கூலி வாங்கும் வண்டியில் 2,500 பவுண்டு நிரப்ப வைக்கும் வழி அது. 1912இல் மேற்கு வர்ஜீனியாவின் பெயின்ட் கிரீக், கேபின் கிரீக் சுரங்கங்களின் வேலைநிறுத்தக்காரர்கள் சரியான தராசும், தங்கள் பக்கத்து எடை சரிபார்ப்பவரும் வேண்டும் என்று கேட்டது இதனால்தான்.

ஒளித்தகடு:
பார்த்தீர்களா, ஒதுக்கச் சொன்ன படத்திலிருந்தே நிறுவனத்துக்கு எதிராகச் சாட்சி எடுத்துவிட்டீர்கள்! ஆனால் பலகை மட்டும் போதாது. வண்டிக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்த இடத்தில் அந்தப் பலகை திருட்டு. டிப்பிள் தராசில் நிறுத்து எடைக்குக் கூலி கொடுத்து, தொழிலாளர் தரப்பு ஆளும் தராசருகே நின்ற இடத்தில் அதனால் நட்டமில்லை. கூலி முறை தெரியாமல் படத்தைப் படிக்க முடியாது. ஆணி வரிசையையும் பலகையின் நிறத்தையும் கவனியுங்கள். பின்னால் அடித்தது என்றால் இரண்டும் மாறும்.

மலையடி:
காலம் கணிக்க விளக்கு உதவும். சிறிய தேநீர்க் கெண்டி மாதிரி மூக்குள்ளது எண்ணெய் விளக்கு. வட்டப் பிரதிபலிப்பானும் இரண்டடுக்கு உடலும் இருந்தால் கார்பைடு விளக்கு. மேலே தண்ணீர், கீழே கார்பைடு, சொட்டுச் சொட்டாக விழுந்து அசிட்டிலீன் வரும். அது பரவலானது 1910களில். இடுப்பில் பேட்டரியும் தொப்பிக்கு வயரும் இருந்தால் 1914-15க்குப் பிந்தியது. ஆனால் எண்ணெய் விளக்கைக் கண்டவுடன் 1905 என்று போட்டுவிடாதீர்கள். பழைய விளக்கை மாற்றாமல் பல வருடம் வைத்திருந்தவர்கள் உண்டு. படம் எந்த ஆண்டுக்கு முந்தியதாக இருக்க முடியாது என்பதைப் புதிய பொருள்தான் சொல்லும், பழைய பொருள் எதையும் சொல்லாது.

கரிப்பாறை:
சுவரில் ஒட்டிய செய்தித்தாளுக்கும் அதே விதி. மரச்சட்டம் இல்லாமல் பலகையை நிறுத்தி அடித்த வீடு, இடுக்கு வழியே காற்று வரும். மாவுப் பசையில் தாளை ஒட்டி அடைத்தார்கள். படத்தின் பெரிய அளவுக் கோப்பில் தாளின் தேதியே படிக்கக் கிடைக்கலாம். ஆனால் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டியவை அவை. தேடிப் பிடிக்க வேண்டியது மேலே இருக்கும் புதிய தாளை. நிறுவனப் படங்களை முழுக்க ஒதுக்கச் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். கூலிக்கும் வேலை நேரத்துக்கும் ஹைனின் குறிப்புகளே என் முதல் சாட்சி, அதை விடமாட்டேன்.

ஒளித்தகடு:
அந்தக் குறிப்புகளில் எனக்கும் மறுப்பில்லை. தேதி பற்றி ஒன்று: மேற்கு வர்ஜீனியாவின் ஸ்காட்ஸ் ரன்னில் புகைப்படக்காரர் மரியான் போஸ்ட் வோல்காட் 1938இல் எடுத்த படங்கள் "1900களின் தொடக்கம்" என்று சுற்றிக்கொண்டிருக்கின்றன. அங்கேயே பென் ஷான் 1935இல் எடுத்தவற்றுக்கும் இதே கதி. அவர்கள் படம்பிடித்தது பொருளாதாரப் பெருமந்தத்தில் வேலை போன ஊரை. 1900களின் தொடக்கத்தில் அதே மலைகளில் ஆள் போதாமல் இத்தாலியிலிருந்தும் ஹங்கேரியிலிருந்தும் வரவழைத்துக்கொண்டிருந்தார்கள்.