முதல் ஸ்கூபா பயிற்சி: பெர்ஹெந்தியானா, தியோமானா?

கிள்ளான்வாசி:
எல்லாருக்கும் வணக்கம். ஜூன் மாதம் ஒரு வாரம் விடுப்பு கிடைத்திருக்கிறது. நான், மனைவி, 12 வயது மகன் மூவரும் சேர்ந்து ஓப்பன் வாட்டர் என்கிற முதல் நிலை ஸ்கூபா பயிற்சியை முடித்துவிடலாம் என்று திட்டம். மகன் நன்றாக நீந்துவான், மனைவிக்கு நீச்சல் சுமார்தான், ஆனால் மிதக்கத் தெரியும். கிள்ளானிலிருந்து காரில் போகிறோம். கிழக்குக் கரைத் தீவுகளில் தியோமான்தான் பக்கம், அங்கேயே போகலாம் என்கிறார் மனைவி. பெர்ஹெந்தியான் தீவுகளில் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும், அங்கே போ என்கிறார்கள் வேலையிடத்தில். ஆளுக்கொன்று சொல்வதில் குழம்பிப் போயிருக்கிறேன். புதிதாகக் கற்றுக்கொள்ள எது நல்லது? ஒரு வாரத்துக்குள் முடியுமா? இன்னொன்று, "காதுக்குள்ள தண்ணி போனா செவிடாயிடும், பிள்ளையக் கூட்டிட்டுப் போகாதே" என்று அம்மா பிடிவாதமாக இருக்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது?

பவளத்திட்டு:
பெர்ஹெந்தியானுக்கே என் ஓட்டு, அண்ணே. கற்றுக்கொள்கிறவருக்கு வேண்டியது பெரிய மீனோ மூழ்கிய கப்பலோ இல்லை; கரையிலிருந்து மெதுவாக ஆழமாகும் மணல் தரையும் அலை அடங்கிய நீரும்தான், அது அங்கே தாராளமாக இருக்கிறது. முதல் நாள் அந்த மணலில் மண்டியிட வைத்து மாஸ்க்குக்குள் வேண்டுமென்றே தண்ணீர் விடச் சொல்வார்கள். நீர் கண் மட்டத்துக்கு ஏறும்போது மூக்கு தானாக மூச்சிழுக்கப் பார்க்கும், அங்கேதான் நிறையப் பேருக்குப் பதற்றம் வரும். மாஸ்க்கின் மேல் விளிம்பை நெற்றியோடு சேர்த்து அழுத்தி, லேசாக அண்ணாந்து, மூக்கு வழியாக நிதானமாக ஊதினால் உள்ளே இருக்கிற நீர் கீழ்ப்பக்கமாக வெளியேறிவிடும். உங்கள் மனைவி கிள்ளானிலேயே ஒரு நீச்சல்குளத்தில் சாதாரண மாஸ்க் போட்டு இதைப் பழகிவிட்டு வந்தால் அங்கே பாதி பாரம் குறையும்.

நீச்சலுக்கும் அவர் பயப்பட வேண்டியதில்லை. 200 மீட்டர் நிற்காமல் நீந்த வேண்டும், நேரக்கணக்கு கிடையாது, எந்த மாதிரி நீந்தினாலும் சரி. அப்புறம் 10 நிமிடம் மிதக்க வேண்டும், அவ்வளவுதான். பயிற்சி மூன்று நான்கு நாளில் முடியும். பாடப் பகுதியை இணையத்தில் வீட்டிலேயே படித்துவிட்டுப் போனால் தீவில் முழு நேரமும் தண்ணீரில் இருக்கலாம்.

அங்கே பெசார், கெச்சில் என்று முக்கியமான தீவு இரண்டு, தங்குவதற்கு பெசாரைப் பாருங்கள். கெச்சிலில் லாங் பீச் பக்கம் இரவெல்லாம் பாட்டுச் சத்தம் கேட்கும், குடும்பத்துக்குச் சரிவராது. கோலா பெசுட் ஜெட்டியில் காரை விட்டுவிட்டு வேகப்படகில் ஏறினால் முக்கால் மணி நேரத்துக்குள் தீவு. கையில் ரொக்கம் எடுத்துப் போங்கள்.

சான்றிதழ் கிடைத்த பிறகு நாள் மிச்சம் இருந்தால் சுகர் ரெக் பார்த்துவிட்டு வாருங்கள். சர்க்கரை ஏற்றி வந்த சரக்குக் கப்பல், 2000இல் மூழ்கியது, பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கிறது. அடித்தரையே சுமார் 18 மீட்டர்தான், ஓப்பன் வாட்டர் எல்லையும் 18. சான்றிதழ் வாங்கிய பெரியவர் ஒருவர் கூட இருந்தால் உங்கள் மகனும் அந்த ஆழம் வரை இறங்கலாம். நீரோட்டம் இருக்கிற நாளில் மட்டும் வேண்டாம், அங்கே தண்ணீர் கலங்கிவிடும்.

தென்சீனக்கடல்:
மேலே சொன்னவர் பெர்ஹெந்தியானைப் பற்றிச் சொன்னது எல்லாம் சரி, ஆனாலும் இந்தக் குடும்பத்துக்குத் தியோமான்தான் பொருத்தம் என்று நினைக்கிறேன். ஒரு வாரத்தில் கோலா பெசுட் வரை காரோட்டிப் போக ஒரு நாள், திரும்பி வர ஒரு நாள். தியோமானுக்குப் படகு ஏறும் மெர்சிங் அதைவிடப் பக்கம், காலையில் கிளம்பினால் மதியத்துக்குள் போய்ச் சேரலாம். ஆனால் ஒன்று, மெர்சிங்கில் ஆற்று முகத்துவாரம் ஆழமில்லாதது, அதனால் ஃபெர்ரி நேரம் ஓதம் ஏறி இறங்குவதைப் பொறுத்து நாளுக்கு நாள் மாறும். உங்கள் தேதிக்கான அட்டவணையைப் பார்த்த பிறகே அறையைப் பதிவு செய்யுங்கள்.

யாரும் சொல்லாத விஷயம் ஒன்று இருக்கிறது. கடைசி டைவுக்குப் பிறகு 18 மணி நேரம் விமானம் ஏறக்கூடாது என்று எல்லாருக்கும் தெரியும். கார்தானே என்று சிலர் கடைசி நாள் காலையில் இரண்டு டைவ் அடித்துவிட்டு அன்றைக்கே வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். பெர்ஹெந்தியானிலிருந்து கிள்ளான் திரும்பினால் காராக் நெடுஞ்சாலையில் கெந்திங் செம்பா மலையைத் தாண்ட வேண்டும், கெரிக் வழியாக வந்தால் இன்னும் உயரம். உடம்பில் கரைந்திருக்கிற நைட்ரஜனுக்கு விமானமா காரா என்று தெரியாது, வெளியழுத்தம் குறைந்தால் குமிழியாக வெளிவரும், மூட்டுவலியிலிருந்து பக்கவாதம் வரை கொண்டுபோய்விடும். அதற்குச் சிகிச்சை தரும் அழுத்த அறை லுமுட் கடற்படைத் தளத்து மருத்துவமனையில் இருக்கிறது, கிழக்குக் கரையிலிருந்து நாட்டின் மறுபக்கம். அதனால் பெர்ஹெந்தியான் போனால் கடைசி நாளை முழுக்கக் காலியாக விடுங்கள். மெர்சிங்கிலிருந்து குளுவாங் வழியாக வந்து வடக்கு தெற்கு நெடுஞ்சாலையைப் பிடித்தால் அந்த மாதிரி மலையேற்றம் கிடையாது. அதற்காக டைவ் அடித்த கையோடு கிளம்பலாம் என்று அர்த்தமில்லை.

தியோமானில் ஏர் பாத்தாங் அல்லது சாலாங் பக்கம் தங்குங்கள், டைவ் கடைகள் நடக்கிற தூரத்திலேயே இருக்கின்றன. தெக்கெக் அருகே ரெங்கிஸ் என்று ஒரு குட்டித் தீவு, அதிக ஆழமில்லை, துடுப்பு நுனி கறுத்த சிறு சுறாக்கள் சுற்றிக்கொண்டிருக்கும். பையன் ஆசையாகப் பார்ப்பான், அவை மனிதரைக் கண்டால் தாமாகவே விலகிவிடும்.

சுறாவைவிடக் கவனிக்க வேண்டியது டைட்டன் ட்ரிகர் என்கிற பெரிய கிளாத்தி. மணலில் குழி பறித்து முட்டையிட்டுக் காவல் இருக்கும்போது கிட்டே போனால் பாய்ந்து வந்து கடிக்கும், துடுப்புக்காலணியையே கவ்வி இழுக்கும். பயத்தில் எல்லாரும் மேலே ஏறப் பார்ப்பார்கள், அது தவறு. அது தன் எல்லை என்று நினைப்பது குழிக்கு மேலே போகப்போக அகலமாகிக்கொண்டே போகும், மேலே போனால் இன்னும் அதன் எல்லைக்குள்தான் இருப்பீர்கள். துடுப்புக்காலணியை அதன் பக்கம் நீட்டியபடி பக்கவாட்டில் நீந்தி விலகுங்கள்.

காதுமடல்:
அம்மாவுக்கு நான் பதில் சொல்கிறேன். அவர் பயப்படுவது வீண் இல்லை, காதில் அடிபடுவது புதியவர்களுக்குச் சாதாரணமாக நடப்பதுதான். ஆனால் காரணம் தண்ணீர் இல்லை, அழுத்தம். தரையில் நம் மேல் இருக்கும் காற்றழுத்தம் 10 மீட்டர் ஆழத்திலேயே இரட்டிப்பாகிவிடும், அதனால் ஆழத்தைவிட முதல் சில மீட்டரில்தான் செவிப்பறைக்குச் சோதனை. மூக்கைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஊதிக் காதைச் சமப்படுத்த வேண்டும், வலி வந்த பிறகு இல்லை, தண்ணீருக்குள் தலை போனதுமே தொடங்கி ஒவ்வொரு மீட்டருக்கும். அடைத்தால் ஒரு மீட்டர் மேலே வந்து மறுபடி முயற்சி செய்ய வேண்டும். அப்படியும் திறக்கவில்லையா, அன்றைக்கு டைவ் வேண்டாம், மேலே வந்துவிட வேண்டும். சளி பிடித்திருந்தாலும் அதேதான். மூக்கடைப்பு மாத்திரை போட்டுக்கொண்டு இறங்குகிறவர்கள் இருக்கிறார்கள், நீருக்கடியில் மருந்தின் வேகம் அடங்கினால் ஏறும்போது காது அடைத்துக்கொள்ளும், அந்த வலி மோசமானது.

பிள்ளைக்கு இதையெல்லாம் இன்ஸ்ட்ரக்டர் பொறுமையாகச் சொல்லித் தர வேண்டும் என்றால் கூட்டம் குறைவாக இருக்க வேண்டும். கடலில் ஓர் ஆசிரியருக்கு எட்டு மாணவர் வரை விதி அனுமதிக்கிறது, பள்ளி விடுமுறையில் எட்டையும் நிரப்பிவிடுவார்கள். பதிவு செய்யும்போதே "எத்தனை பேர்?" என்று கேளுங்கள். நாலு பேருக்கு மேல் என்றால் அடுத்த கடையைப் பாருங்கள், எந்தத் தீவு என்பதைவிட எனக்கு இதுதான் முக்கியம்.

கிள்ளான்வாசி:
ரொம்ப நன்றி. அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன், "சளி இருந்தா இறக்க மாட்டீங்கன்னா சரி" என்றார். தியோமான் என்று முடிவு செய்துவிட்டோம், இரண்டு கடைகளில் ஆள் கணக்கு கேட்டிருக்கிறேன். கடைசியாக ஒன்று. மகனுக்குச் சின்ன வயதில் வீசிங் இருந்து இன்ஹேலர் பயன்படுத்தினோம், இப்போது ஒன்றும் இல்லை. மருத்துவப் படிவத்தில் அதை எழுத வேண்டுமா? எழுதினால் சேர்க்க மாட்டார்கள் என்று ஒருவர் சொன்னார்.

காதுமடல்:
கட்டாயம் எழுதுங்கள். எழுதினால் டாக்டர் கையெழுத்து கேட்கலாம், அவ்வளவுதான், அதனால் கிளம்புவதற்கு முன்பே படிவத்தைக் கடையிலிருந்து வாங்கி கிள்ளானிலேயே பார்த்துவிடுங்கள். தீவுக்குப் போய்த் தேடினால் கையெழுத்துப் போட ஆள் கிடைப்பது கஷ்டம், பயிற்சி நாள்தான் வீணாகும். மூச்சுக்குழாய் சுருங்கியிருக்கும்போது மேலே ஏறினால் நுரையீரலில் அடைபட்ட காற்று விரிந்து கிழித்துவிடும், ஆஸ்துமாவைக் கேட்பது அதற்காகத்தான். ஊதிப் பார்க்கும் பரிசோதனையை ஓடவைத்த பிறகும் ஒருமுறை செய்யச் சொல்லுங்கள், நெஞ்சு மருத்துவரிடம் போனால் இன்னும் நல்லது. அவர் சரி என்றால் தைரியமாகக் கூட்டிப் போங்கள். வேண்டாம் என்றால் பையன் ஸ்நோர்கல் போடட்டும், ரெங்கிஸ் சுறாக்களை மேலே மிதந்தபடியே பார்க்கலாம்.