பெரிய வீட்டுக் குழு: கிணற்றடிப் பாசி

சித்தப்பா, காலை 10:15
அனைவருக்கும் வணக்கம். இன்று விடியற்காலையில் அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்துவிட்டார்கள். இடது மணிக்கட்டில் வீக்கம் இருக்கிறது. எலும்பு முறியவில்லை என்று படம் எடுத்துப் பார்த்த மருத்துவர் சொல்லிவிட்டதால் யாரும் பதற வேண்டாம். துவைக்கும் கல்லுக்கும் தொட்டிக்கும் நடுவே ஒரு முழ நீளத்திற்குப் பாசி வழித்தெடுத்தாற்போல் இருக்கிறது. அது அம்மாவின் குதிகால் சறுக்கிய தடம். அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. கிணற்றடி, மொட்டை மாடி, தோட்டத்துச் சுவர் எல்லாவற்றிலும் ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் கலந்து ஊற்றிவிடப் போகிறேன். ஊருணியிலும் மயில்துத்தம் போடச் சொல்லி ஊர்ப் பெரியவர்களிடம் பேசுகிறேன்.

அண்ணன் (சென்னை), 10:22
சித்தப்பா, அப்பத்தாவைக் கிணற்றடிப் பக்கமே விடாதீர்கள். மழை விட்டு இத்தனை நாள் ஆகியும் பாசி காயவில்லை என்றால், அதை அடியோடு ஒழிப்பதுதான் சரி.

பெரியப்பா, 10:41
தம்பி, முதலில் ஒன்றைக் கேள். ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் ஒன்றாகக் கலக்காதே. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். அது நுரையீரலைப் புண்ணாக்கும், காற்றோட்டமில்லாத இடத்தில் உயிரையே வாங்கிவிடும்.

நீ சொன்ன இடங்களில் இருப்பவற்றை எல்லாம் நாம் பாசி என்ற ஒரே சொல்லால் அழைக்கிறோமே தவிர, அவை ஒரே இனம் அல்ல. கிணற்றடியில் வழுக்குவது பெரும்பாலும் நீலப்பச்சைப் பாசி. பெயரில் பாசி இருந்தாலும் அது பாக்டீரியா வகையைச் சேர்ந்தது. தன்னைச் சுற்றிக் கொழகொழப்பான ஓர் உறையைச் சுரந்துகொள்வதால்தான் கால் நிற்பதில்லை. அதைக் கம்பித் துடைப்பத்தால் தேய்த்துக் கழுவிவிட்டு, பிளீச்சிங் பவுடரை மட்டும் தண்ணீரில் கரைத்து ஊற்றி, கால் மணி நேரம் கழித்து மறுபடியும் கழுவினால் போதும், ஆனால் அந்தத் தண்ணீர் கிணற்றுக்குள் இறங்காமல் பார்த்துக்கொள். குளியலறைத் தண்ணீர் அந்த வழியாக ஓடுகிறவரை பத்தே நாளில் பாசி திரும்ப வந்துவிடும் என்பதால், வாய்க்காலைத் திருப்பிவிடுவதுதான் உண்மையான வைத்தியம்.

தோட்டத்துச் சுவரில் வெல்வெட் துணி போல் படர்ந்திருப்பது மாஸ். அதற்குத் தண்டும் இலையும் உண்டு, வேர் கிடையாது. மயிரிழை போன்ற நாரால் சுவரைப் பற்றிக்கொண்டு, தண்ணீரை உடல் முழுவதாலும் உறிஞ்சிக்கொள்ளும். போன சித்திரையில் ஊருக்கு வந்திருந்தபோது, அந்தச் சுவரில் காய்ந்து பழுப்பேறிக் கிடந்ததில் நகக்கண் அளவு கிள்ளி, பேத்தியின் உள்ளங்கையில் வைத்து ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். முறுக்கிக்கொண்டிருந்த இலைகள் எங்கள் கண்ணெதிரே ஒவ்வொன்றாக விரிந்து பச்சையாயின. செத்துப்போனது என்று நினைத்தது வெறுமனே காத்துக்கொண்டிருந்தது. குளிர் நாடுகளின் சதுப்பு நிலங்களில் வளரும் ஸ்பேக்னம் என்ற மாஸ் தன் எடையைப்போல் இருபது மடங்கு வரை தண்ணீரைப் பிடித்து வைக்கும். முதல் உலகப் போரில் பஞ்சு போதாதபோது காயங்களின் மேல் அதையே வைத்துக் கட்டினார்கள். நம் தோட்டத்துச் சுவரில் அது இருப்பதால் யாருக்கும் கெடுதல் இல்லை, விட்டுவிடு. மொட்டை மாடியில் இருப்பதைச் சுரண்டி எடுத்துவிடு, ஏனெனில் அது சுண்ணாம்புத் தளத்தில் ஈரத்தைத் தேக்கி வைக்கும், அந்த ஈரத்தில் அரசங்கன்று வேர்விட்டால் தளமே பிளந்துவிடும்.

சித்தப்பா, 10:58
சரி அண்ணே, கலக்கவில்லை. ஊருணிக்கு என்ன செய்வது? கரையோரம் பச்சைச் சாயத்தைக் கொட்டியதுபோல் ஆடை கட்டியிருக்கிறது. விடியற்காலையில் மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன.

பெரியப்பா, 11:14
இதுதான் எனக்குக் கவலை தருகிறது. இரவில் பாசியும் மூச்சுவிடுகிறது; வெளிச்சம் இல்லாததால் ஆக்சிஜனைத் தருவதில்லை. ஆகவே விடிவதற்குள் தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்து மீன்கள் திணறுகின்றன. அந்தப் பச்சை மைக்ரோசிஸ்டிஸ் என்ற நீலப்பச்சைப் பாசியாக இருந்தால் அதற்குள் கல்லீரலைத் தாக்கும் நஞ்சு இருக்கக்கூடும். கொதிக்க வைத்தாலும் அது போகாது. 2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் டொலீடோ நகரத்தில், ஏரியில் வளர்ந்த இந்தப் பாசியின் நஞ்சு குழாய்த் தண்ணீரில் கலந்துவிட்டதால், சுமார் நான்கு லட்சம் பேரைக் குழாய்த் தண்ணீரைக் குடிக்க வேண்டாம் என்று எச்சரிக்க நேர்ந்தது. மயில்துத்தம் போட்டால் பாசி ஒரே நேரத்தில் செத்து, உள்ளே அடங்கியிருக்கும் நஞ்சு முழுவதும் தண்ணீரில் இறங்கிவிடும். அதனால் அதைப் போடாதே. நம் மாடுகளையும் அங்கே தண்ணீர் காட்டாதே.

நான், 11:20
பெரியப்பா, சிறுவயதில் நாங்கள் குடித்த ஊருணி அது. அப்போது கரையில் கொஞ்சம் பாசி இருந்தாலும் குடத்தால் விலக்கிவிட்டு மொண்டோம், யாருக்கும் எதுவும் ஆனதில்லை. இப்போது மட்டும் ஏன் இப்படி ஆனது?

பெரியப்பா, 11:33
நல்ல கேள்வி அம்மா. அப்போது ஊருணியில் யாரும் காலைக்கூடக் கழுவ மாட்டார்கள். இன்று மேற்குத் தெருவின் சோப்புத் தண்ணீரும் கழிவுநீரும் வாய்க்கால் வழியாக அதில் விழுகின்றன. அவற்றில் உள்ள பாஸ்பரசும் நைட்ரஜனும் பாசிக்கு உரம். வயலில் இதே இனத்துப் பாசிகள் சில, காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து நெல்லுக்குக் கொடுக்கின்றன. அதை 1939-இல் பி. கே. டே என்ற அறிஞர் எடுத்துக்காட்டினார். நாம் தொட்டியில் வளர்த்து மாட்டுக்குப் போடும் அசோலாவின் இலைக்குள்ளும் அப்படி ஒரு பாசிதான் குடியிருக்கிறது.

அத்தை (மண்டபம்), 11:50
அம்மாவுக்கு வலி குறைந்ததா தம்பி? மாலையில் பேருந்து ஏறுகிறேன்.

அண்ணே, பாசியை ஒழிப்பது என்ற பேச்சைப் படித்ததும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. எங்கள் பக்கத்து வீட்டுப் பெண்கள் விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கடலில் மூழ்கி மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் எடுத்துத்தான் பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். நோன்புக் காலத்தில் நாம் காய்ச்சும் கடல்பாசி இப்படிப்பட்ட பாசிகளிலிருந்து வருவதுதான். சின்னப்பாலத்து லெட்சுமி மூர்த்தி தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்குத் தரும் சீகாலஜி விருதை 2015-இல் வாங்கினாரே, அந்தப் பெண்கள் மாதத்தில் 12 நாட்கள் மட்டுமே எடுப்பது என்று தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்துக்கொண்டு, பாசி மறுபடி வளர இடம் கொடுத்தார்கள்.

அதே கடலில் கெட்டதையும் பார்த்திருக்கிறேன். மூங்கில் மிதவையில் வளர்ப்பதற்காக வெளியிலிருந்து கொண்டுவந்த கப்பாபைகஸ் பாசி, குருசடைத் தீவில் பவளப்பாறைகளின் மேல் படர்ந்து மூடியதை 2008-இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். மிதவைப் பாசியால் வருமானம் வந்த வீடுகளும் எங்கள் தெருவிலேயே உண்டு என்பதால், அதை முழுக்கக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2019 செப்டம்பரில் கடலே பச்சையாகி மீன்கள் செத்து ஒதுங்கியபோது கரையில் நிற்க முடியவில்லை.

பெரியப்பா, 12:05
தங்கச்சி, அந்தக் கடல்பாசியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நோய்க் கிருமிகளைத் தனித்தனியாக வளர்த்துப் பார்க்க, ஜெர்மனியின் கிருமி ஆய்வாளர் ராபர்ட் கோக்கின் ஆய்வகத்தில் அவற்றை வளர்க்கும் ஜெலட்டின் கூழ் உருகி உருகி வீணானபோது, சமையலில் கடல்பாசியைப் பயன்படுத்திய ஃபானி ஹெஸ்ஸே என்ற பெண்தான் 1881-82 வாக்கில் அதைச் சொல்லிக்கொடுத்தார். இன்று அம்மாவுக்கு ஏதாவது ரத்தப் பரிசோதனையில் கிருமியை வளர்த்துப் பார்க்க நேர்ந்தால்கூட, அதன் அடியில் இருப்பது பாசிதான்.

சித்தப்பா, மாலை 5:40
கிணற்றடியைத் தேய்த்துக் கழுவியாயிற்று; சொரசொரப்பான கடப்பைக் கல் இரண்டு வாங்கிப் பதிக்க நாளை கொத்தனார் வருகிறார். குளியலறைத் தண்ணீரை வாழைப் பாத்திக்குத் திருப்பிவிட்டேன். ஊருணித் தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்பவும், மேற்குத் தெரு வாய்க்காலை மறிக்கவும் பெரியவர்கள் ஒப்புக்கொண்டார்கள். தோட்டத்துச் சுவரைத் தொடவில்லை அண்ணே. அம்மா அதன் அருகில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள்; நல்ல கையால் மாஸைத் தடவிப் பார்த்துக்கொண்டு, அக்கா எந்தப் பேருந்தில் வருகிறார் என்று கேட்கச் சொன்னார்கள்.