ரெப்ளிகேஷன் ஸ்லாட்: செருகுவாயா, கந்தா, கட்டுத்தறியா?

(பேசுவோர் பெயருக்குப் பதில் அவரவர் மலேசிய ஊர்.)

பிரிக்ஃபீல்ட்ஸ்: போஸ்ட்கிரஸ் என்ற தரவுத்தள மென்பொருளுக்கான பாடக் குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. வட்டு நிரம்பினால் என்ன செய்வது என்ற பாடத்தில் ‘ரெப்ளிகேஷன் ஸ்லாட்’டுக்குச் சொல் வேண்டும். முதன்மை சர்வரின் நகலாக ஓடும் துணை சர்வர் எதுவரை வாங்கியது என்று முதன்மை வைத்திருக்கும் குறி அது. துணை சர்வர் நின்றுபோனாலும் ஸ்லாட் போகாது. துணை இன்னும் வாங்காத வால் (WAL, தரவில் செய்யும் மாற்றங்களை முன்கூட்டி எழுதிவைக்கும்) கோப்புகளை முதன்மை சர்வர் அழிக்காமல் சேர்த்துக்கொண்டே போகும். கோப்பு ஒன்று வழக்கமாக 16 எம்பி. வட்டு நிறைந்தால் முதன்மையே படுத்துவிடும். இப்போதைக்குச் ‘செருகுவாய்’ என்று போட்டிருக்கிறேன்.

பினாங்கு: ஐயா, செருகுவாய் என்பது கணினியில் ராம் நினைவகத்தைச் செருகும் இடம். இங்கே எதைச் செருகுகிறோம்? இதன் வேலை, போகவிடாமல் பிடித்து வைப்பது. யானையைக் கட்டும் தூணுக்குச் சங்கத் தமிழில் ‘கந்து’. தொல்காப்பியத்துக் கந்தழிக்கு நச்சினார்க்கினியர் பற்றுக்கோடு இல்லாதது என்று பொருள் சொல்வதும் இந்தக் கந்தை வைத்துத்தான். ‘நகல் கந்து’ என்போம்.

செந்தூல்: கந்து என்றால் கந்துவட்டி. நம் பிள்ளைகளுக்கு அதுவும் தெரியாது, ஆலோங் (இங்கே கந்துவட்டிக்காரருக்குப் பெயர்) என்றால்தான் புரியும். ஸ்லாட் என்றே விடுங்கள். ஸ்லாட்களின் பட்டியலைப் பார்க்க எப்படியும் பிஜி_ரெப்ளிகேஷன்_ஸ்லாட்ஸ் என்றுதான் தட்டச்சப் போகிறார்கள்.

பட்டர்வொர்த்: ‘கட்டுத்தறி’? கம்பன் வீட்டில் கவி பாடியது, அகராதி வேண்டாம்.

பினாங்கு: அது மாட்டுத்தறியா நெசவுத்தறியா என்பதே தீராத வழக்கு, அக்கா.

பட்டர்வொர்த்: அதைவிட மூன்றாம் பக்கத்தைப் பாருங்கள். வாலுக்குப் ‘பதிவுக் கோப்பு’ என்று இருக்கிறது. பழைய பதிவுதானே என்று மாணவர் கையால் அழிப்பார். பிறகு சர்வர் எழும்பாமலே போகலாம். இந்தக் கோப்புகள் இருக்கும் அடைவின் பிஜி_எக்ஸ்லாக் என்ற பெயரை 2017இல் போஸ்ட்கிரஸ் பதிப்பு 10 பிஜி_வால் என்று மாற்றியதே இந்தத் தொல்லையால்தான். ‘முன்பதிவு’ம் வேண்டாம், பஸ் டிக்கெட் ஆகிவிடும். ‘மாற்றக் குறிப்பேடு’ என்று எழுதி, “கையால் அழிக்காதே” என்று பக்கத்திலேயே போடுங்கள்.

படிகளையும் திருத்துங்கள். முதலில் ஆக்டிவ் பொய்யாக உள்ள, அதாவது யாரும் பயன்படுத்தாத, ஸ்லாட்டின் ரீஸ்டார்ட்_எல்எஸ்என் (எந்த இடம் முதல் வால் தேவை என்ற குறி) எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். துணை திரும்பி வராது என்றால் மட்டும் பிஜி_ட்ராப்_ரெப்ளிகேஷன்_ஸ்லாட் கொண்டு ஸ்லாட்டை நீக்கலாம். இடம் உடனே திரும்பாது, அடுத்த செக்பாயிண்டில்தான் (மாற்றங்களைத் தரவுக் கோப்புகளில் எழுதி முடிக்கும் கட்டம்) கோப்புகள் போகும். வால் கோப்புகளை வேறிடத்தில் சேமிக்கும் ஆர்க்கைவ்_கமாண்ட் தோற்றாலும் இதே வீக்கம் வரும். ஸ்லாட்டைக் குறை சொல்லுமுன் அதைப் பார்க்கட்டும். பதிப்பு 13 முதல் ஸ்லாட் பிடித்து வைக்கும் வால் அளவுக்கு வரம்பிடும் மேக்ஸ்_ஸ்லாட்_வால்_கீப்_சைஸ் உண்டு, இயல்பு -1, அதாவது வரம்பே இல்லை. வரம்பு வைத்து அதைத் தாண்டினால் வட்டு பிழைக்கும், துணையைப் புதிதாகக் கட்ட வேண்டிவரலாம்.

பிரிக்ஃபீல்ட்ஸ்: படிகளை மாற்றிவிட்டேன். வேறு யாரும் மறுக்காததால் ‘நகல் கட்டுத்தறி’. முதல் தடவை மட்டும் பக்கத்தில் ஸ்லாட்.

செந்தூல்: நான் மறுக்கிறேன். எல்லாத் தடவையும் ஸ்லாட்.

பினாங்கு: அடிக்குறிப்பிலாவது கந்து இருக்கட்டும், ஐயா.