மேட்லேப் 11.9 ஜிபி கேட்கிறது, லெப்டாப்பில் இருப்பதோ 8 ஜிபி

செந்தூல் மாணவி:
வணக்கம். மெக்கானிக்கல் இறுதியாண்டு. நடுவில் வட்டத் துளையுள்ள இரும்புத் தகட்டை இழுத்தால் தகைவு (ஸ்ட்ரெஸ்) எங்கே கூடுகிறது என்று மேட்லேப் என்ற கணக்கீட்டு மென்பொருளில் எழுதுகிறேன். தகட்டைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, அவற்றின் மூலைப் புள்ளிகளான முனைகள் 2,000 வரை ஓடியது. 20,000 வைத்ததும் ஸ்டிஃப்னஸ் அணிக்கு (தகட்டின் விறைப்பைச் சொல்லும் எண் அட்டவணை) பூஜ்ஜியம் நிரப்பும் ஸீரோஸ் கட்டளை போடும் வரியிலேயே 40,000க்கு 40,000 அணி, 11.9 ஜிபி வேண்டும் என்று சிவப்பில் எழுதிவிட்டு நிற்கிறது. லோயாட் பிளாசா கணினிக் கடையில் காட்டினேன். ரேம் போர்டோடு பற்றவைத்தது, கூட்ட முடியாது, புதுசு வாங்கு என்றார்கள். பிடிபிடிஎன் கல்விக் கடன் பணம் வாடகைக்கே சரி. வழி உண்டா?

பிரிக்பீல்ட்ஸ்:
விண்டோஸில் விர்ச்சுவல் மெமரியைக் கூட்டிப் பாரேன்.

பாயான் லெப்பாஸ்காரன்:
அது ஆமை வேகத்தில் ஓடும். லெப்டாப்பைக் குறை சொல்லாதே தங்கச்சி. ஒரு முனைக்கு இரண்டு நகர்வு, ஆக 40,000 நிரை. ஓர் எண்ணுக்கு 8 பைட். 160 கோடி எண்களுக்கு அந்த 11.9 ஜிபி வரத்தான் செய்யும். ஆனால் ஒரு முனை பக்கத்து முனைகளோடுதான் பேசும். நாற்கோண மெஷ் என்றால் நிரைக்குச் சுமார் 18 எண்கள், மற்றதெல்லாம் வெறும் பூஜ்ஜியம். பூஜ்ஜியமில்லாத எண்களை மட்டும் சேமிக்கும் ஸ்பார்ஸ் அணியாக வை, 12 எம்பி அளவில் அடங்கிவிடும்.

செந்தூல் மாணவி:
ஸீரோஸ் வரியை ஸ்பார்ஸுக்குள் போட்டேன் அண்ணா. அதே சிவப்பு.

பாயான் லெப்பாஸ்காரன்:
எல்லோரும் விழும் குழி அது. முழு அணியைக் கட்டிய பிறகுதானே சுருக்கப் பார்க்கிறாய்? ஸீரோஸே வேண்டாம். லூப்பில் நிரை எண், நிரல் எண், மதிப்பு என மூன்று பட்டியல் சேர்த்துக்கொள். கடைசியில் ஒரே தடவை ஸ்பார்ஸிடம் கொடு. ஒரே இடத்துக்கு வரும் மதிப்புகளை அதுவே கூட்டிக்கொள்ளும். அப்புறம், தீர்வுக்கு நேர்மாறு அணி காணும் இன்வ் கட்டளை எழுதியிருந்தால் அழித்துவிடு. ஸ்பார்ஸ் அணியின் நேர்மாறு பெரும்பாலும் நிறைந்துபோய்விடும், பழைய கதைதான். சமன்பாட்டை நேரே தீர்க்கும் பின்சாய்வுக் கோடு (\) போதும்.

செந்தூல் மாணவி:
ஓடிவிட்டது! ஒரு மைலோ கலக்குவதற்குள் முடிந்தது. துளை ஓரத்தில் தகைவு, இழுக்கும் தகைவைப் போல 3.03 மடங்கு வருகிறது. பாடத்தில் 3 என்றுதானே இருக்கிறது, எங்கே பிழை?

பாயான் லெப்பாஸ்காரன்:
1898இல் ஜெர்மன் பொறியாளர் கிர்ஷ் கண்ட அந்த 3, எல்லையில்லாத தகட்டுக்கு. உன் தகட்டின் அகலம் துளையைப் போல எத்தனை மடங்கு?

செந்தூல் மாணவி:
பத்து.

பாயான் லெப்பாஸ்காரன்:
அப்படியென்றால் சரிதான், அகலத்துக்கு எல்லை இருந்தால் 3ஐவிடச் சற்றுக் கூடத்தான் வரும். போய்த் தூங்கு.