கிளாஸுக்குள் கரி மூட்டம்: அமெரிக்க சிங்கிள் மால்ட் குடித்தவர்கள் வாருங்கள்

முதுகுளத்தூரான் (ஃபீனிக்ஸ்):
போன மாதம் நண்பர் வீட்டில் பாட்டிலைக் காகிதப் பையில் மறைத்து ஐந்து சிங்கிள் மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி, அதாவது மால்ட், மட்டும் போட்டு ஒரே டிஸ்டில்லரியில் வடித்த விஸ்கி), ஐந்தும் அமெரிக்கச் சரக்கு. பத்துக்கு மார்க் போட்டுக் காரணமும் எழுத வேண்டும். முதல் இரண்டும் வெனிலா, ஓக் என்று வழக்கம்போலப் போயின. மூன்றாவது கிளாஸை மூக்கருகே கொண்டு போனதும் கை அப்படியே நின்றுவிட்டது. பீட் (சதுப்பு நிலத்து மக்கிய கரிமண்) எரித்த புகை இல்லை அது. லாஃப்ராய்க், ஆர்ட்பெக் மாதிரி பீட் புகை அடித்த ஸ்காட்ச் எல்லாம் குடித்தவன்தான், அவற்றில் வரும் ஆஸ்பத்திரி மருந்து வாடை இதில் துளியும் கிடையாது. எங்கள் ஊர்க் கண்மாய்க்கரையில் கரி மூட்டம் போட்டு மூன்று நாள் கழித்து, மேலே பூசிய மண் வெடித்து, அந்த வெடிப்பு வழியாகக் கசியுமே, லேசான இனிப்போடு ஒரு புகை, அதேதான். மற்றவர்கள் பார்பெக்யூ வாசம் என்று எழுதி 6, 7 போட்டார்கள். நான் 9 போட்டேன். காரணம் எழுதும் இடத்தைக் காலியாக விட்டுவிட்டேன்.

பையைப் பிரித்தால் விஸ்கி டெல் பாக் டொராடோ, இங்கே பக்கத்து டூசான் ஊர்ச் சரக்கு. பார்லி மால்ட்டை மெஸ்கீட் விறகுப் புகையில் காயவைக்கிறார்கள். ஆரம்பித்தவர் மெஸ்கீட் மரத்தில் மேசை நாற்காலி செய்துகொண்டிருந்தவராம், மிச்சத் துண்டுகளைப் போட்டு இறைச்சி சுட்டபோது வந்த யோசனை. மெஸ்கீட் என்றால் வேறெதுவும் இல்லை, நம் ஊர்க் கரி மூட்டத்தில் போடும் சீமைக் கருவேலத்தின் பங்காளி. வாசம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிட்டது, உறுத்தல்தான் போகவில்லை. நான் மார்க் போட்டது விஸ்கிக்கா, ஊருக்கா?

டென்வர்வாசி:
ஊருக்குத்தான் போட்டிருக்கிறீர்கள் அண்ணா, தப்பாக நினைக்க வேண்டாம். எனக்கு நடந்தது வேறு மாதிரி. இங்கே ஒரு பாரில் என்னவென்று சொல்லாமல் ஒன்று ஊற்றிக் கொடுத்தார்கள். ஒரு மடக்குதான், இது போர்பன், அமெரிக்க மக்காச்சோள விஸ்கி, என்று அடித்துச் சொன்னேன். கேரமல், கரிந்த ஓக், நாக்கின் இரண்டு ஓரத்திலும் காரம், வேறு என்ன சொல்வது? பாட்டிலை எடுத்து வைத்தார்கள், ஸ்ட்ரானஹான்ஸ், நூறு சதவீதம் பார்லி. அந்தப் பாட்டிலுக்கு மேல் குட்டி டம்ளர் மாதிரி ஓர் உலோக மூடி இருக்கும், அதைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். அன்றிலிருந்து என் கருத்து இதுதான்: உள்ளே கரித்த புதுப் பீப்பாயில் போட்டால் பார்லியின் ருசியை மரம் தின்றுவிடும். அதற்கு சிங்கிள் மால்ட் என்று பெயர் வைப்பதே சரியில்லை. பீப்பாயில் இத்தனை வருடம் இருக்க வேண்டும் என்று இங்கே குறைந்தபட்ச வயது விதியும் கிடையாது. ஸ்காட்லாந்தில் மூன்று வருடம் ஆகாததை விஸ்கி என்றே சொல்ல முடியாது.

வேகோ பக்கம்:
டென்வர் நண்பரே, பெயர் வைப்பது உங்கள் இஷ்டமோ என் இஷ்டமோ இல்லை. 2024 டிசம்பரில் அமெரிக்க அரசு விதி வெளியிட்டு 2025 ஜனவரி 19 முதல் நடப்பில் இருக்கிறது. முழுக்க மால்ட் செய்த பார்லி, ஒரே டிஸ்டில்லரியில் வடித்தது, 700 லிட்டருக்கு மேற்படாத ஓக் பீப்பாய். அது புதிதாகவும் இருக்கலாம், பழையதாகவும் இருக்கலாம், கரித்திருக்கலாம், கரிக்காமலும் விடலாம். போர்பனுக்குத்தான் கரித்த புதுப் பீப்பாய் கட்டாயம், அதில் பாதிக்கு மேல் மக்காச்சோளம். ஒரு பாட்டிலில் மரம் தூக்கலாக இருந்ததற்கு மொத்த வகையையும் தள்ளுவது நியாயமே இல்லை. வயது விஷயத்துக்கு வருகிறேன். ஸ்காட்லாந்தில் பீப்பாயிலிருந்து வருடத்துக்கு இரண்டு சதவீதம் போல ஆவியாகும், நம் பெங்களூர் அம்ருத்தில் பத்தைத் தாண்டும். டெக்ஸஸ் வெயிலும் சாதாரண வெயில் இல்லை. எங்கள் வேகோ ஊர் பால்கோனஸ் குடித்துப் பாருங்கள், சின்ன வயசுதான், கெட்டிப் பாகு மாதிரி நாக்கில் உட்காரும். அதன் கிடங்கைச் சுற்றிப் பார்க்க ஆகஸ்ட் மதியத்தில் போனேன், கதவைத் திறந்ததும் முகத்தில் அடித்த சூடு, கூடவே வாழைப்பழமும் ஈர மரமும் கலந்த வாசம். இன்றைக்கும் எந்தக் கிளாஸை எடுத்தாலும் முதலில் அதைத்தான் தேடுகிறேன். முதுகுளத்தூர் அண்ணன் கேட்டது இதுதான் என்று நினைக்கிறேன், அதனால் சொன்னேன்.

சியாட்டில் மழை:
என்னுடையது சின்ன விஷயம். இங்கே சியாட்டில் வெஸ்ட்லேண்ட் விஸ்கியில் வறுத்த மால்ட்டும் சேர்ப்பார்கள், அது தெரியாமல் முதல் தடவை யாரோ காபி ஊற்றிய கிளாஸில் கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்துக் கழுவித் தரச் சொன்னேன், அவ்வளவுதான். ஆனால் இங்கே யாரும் தண்ணீரைப் பற்றிப் பேசவில்லை, அதனால் சொல்கிறேன். கிளென்கெய்ர்ன் கிளாஸில் (அடி அகன்று வாய் குறுகிய விஸ்கி கிளாஸ்) ஊற்றிப் பத்து நிமிடம் தொடாதீர்கள். மூக்கை உள்ளே விடாமல் விளிம்புக்கு மேலே வைத்து, வாயைக் கொஞ்சம் திறந்தபடி முகருங்கள், ஆல்கஹால் குத்தாது. முதல் மடக்குக்கு மார்க் போடவே கூடாது, அது நாக்கைப் பழக்க மட்டும். அப்புறம் டீஸ்பூனில் அரை ஸ்பூன் தண்ணீர். குயாகால் என்று ஒரு பொருள் புகை வாசத்துக்கு ஒரு காரணம். நீர் சேரும்போது அது மேற்பரப்புக்கு வருகிறது என்று ஸ்வீடனில் இரண்டு பேர் கணினியில் கணக்குப் போட்டு 2017இல் எழுதினார்கள். தண்ணீர் விடுவதற்கு முன் ஒரு மார்க், விட்ட பின் ஒரு மார்க், இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள். புகை அடித்த சரக்கை வரிசையில் கடைசியாக வைக்கச் சொல்லுங்கள், நடுவில் வந்தால் அதற்கு அடுத்தது செத்தது. பசியோடு உட்காராதீர்கள். மிக்சர், ஊறுகாய் எல்லாம் மார்க் போட்டு முடிந்த பிறகு.

முதுகுளத்தூரான் (ஃபீனிக்ஸ்):
சியாட்டில் தம்பி சொன்னபடி நேற்றுச் செய்து பார்த்தேன். ஒரு பாட்டில் வாங்கி, வேறு மூன்றோடு கலந்து வைத்து, எது எதில் என்று சொல்லாமல் வீட்டுக்காரியை ஊற்றச் சொன்னேன். தண்ணீர் விட்டதும் புகைக்கு அடியில் பேரீச்சம்பழம், கருப்பட்டி, கடைசியில் கொஞ்சம் மிளகு. எழுதக் காரணம் கிடைத்துவிட்டது. ஆனால் நான்கில் அது எது என்று கிளாஸைத் தூக்குவதற்கு முன்பே தெரிந்தது, மேசைக்கு வரும்போதே அந்த வாசம் வந்துவிட்டது. எவ்வளவு மூடி வைத்தாலும் எனக்கு அது மூடியதாக ஆகாது. டென்வர் தம்பி, அந்த 9ஐ எடுத்துவிடச் சொல்லி நண்பருக்கு எழுதிவிட்டேன். அடுத்த முறை மெஸ்கீட் சரக்கு வந்தால் என் தாளில் அந்தக் கட்டம் காலியாகவே இருக்கட்டும் என்றும் சொல்லியிருக்கிறேன். குடிப்பேன், மார்க் போட மாட்டேன்.