வேலை போன இரவும் ஒயர் கூடையும்

களப்பணி அக்கா
2025 ஜனவரியில் நடந்தது இங்கே பலருக்கும் தெரியும். வெளிநாடுகளுக்கான அமெரிக்க உதவி நிதி 90 நாள் நிறுத்தம். அந்த நிதியில் நடந்த எங்கள் காசநோய்த் திட்டத்தில், நாளையிலிருந்து யாரும் களத்துக்குப் போகவேண்டாம் என்று ஒரு மெயில், அவ்வளவுதான். நான் பார்த்துவந்த ஓர் அம்மாவுக்கு அப்போது சிகிச்சையில் நாலாவது மாதம். போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "சரிம்மா, இனிமே மாத்திரை போட்டியான்னு யாரு கேப்பா?" என்றார்.

ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை. என் அம்மா பாதியில் விட்டிருந்த ஒயர் கூடையை மடியில் வைத்துக்கொண்டேன். நீலமும் வெள்ளையும். ஒயரை மடித்து வளையத்துக்குள் விட்டு இரண்டு பக்கமும் இழுத்தால் முடிச்சு 'கிச்'சென்று உட்காரும். அந்தச் சத்தம்தான் எனக்கு வேண்டியிருந்தது. விடியும்போது நாலு வரிசை ஏறியிருந்தது, ஆள்காட்டி விரல் சிவந்திருந்தது. அந்தக் கேள்வி மட்டும் இன்னும் காதைவிட்டுப் போகவில்லை.

பழைய மருந்தாளர்
படிப்பவர்களைப் பயமுறுத்தாதீர்கள் அம்மா. காசநோய் மாத்திரை அரசு இலவசமாகக் கொடுப்பது. நோயாளிகளின் சத்துணவுக்கான உதவியும் 2024 நவம்பரிலிருந்து மாதம் 1000 ரூபாயாகிவிட்டது. ஒப்பந்த வேலை போனபோது நானும் குரோஷா போட்டேன், மனசு லேசானது. கூடை பின்னுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: ஒயரின் சுருளை நீவி நேராக்கிவிட்டு ஒரே அளவில் வெட்டுங்கள். குறைந்தால் நடுவில் ஒட்டுப் போட்டுச் சமாளிக்க வேண்டாம், பாரம் தாங்காது. அரை மணிக்கு ஒருமுறை எழுந்து மணிக்கட்டை நீட்டி மடக்குங்கள். ராத்திரி மங்கல் வெளிச்சத்தில் கறுப்பு ஒயர் வேண்டவே வேண்டாம், கண் வலிக்கும்.

ஊசிநூல்
ஐயா, அவர் மாத்திரை இல்லை என்று சொல்லவே இல்லையே. ஆறு மாதம் விடாமல் போட வைப்பது வாசலில் வந்து நிற்கிற ஆள்.

நான் எச்.ஐ.வி. ஆலோசகராக இருந்தவள். எங்கள் மையம் மூடுவதற்கு முந்தின வாரம், வந்த ஒவ்வொருவரிடமும் பழைய துணியில் ஒரு துண்டு கேட்டேன். 1987 அக்டோபரில் வாஷிங்டனில், எய்ட்ஸில் இறந்தவர்களுக்காக 1,920 துணிகளைத் தைத்து விரித்தார்களே, ஒவ்வொன்றும் 3 அடிக்கு 6 அடி, ஒரு சவக்குழி அளவு, அது மனதில் இருந்தது. ஒரு தம்பி சட்டைப்பையை அப்படியே வெட்டிக் கொடுத்தான், பொத்தானோடு. தைக்கும்போது விரல் உள்ளே போனது. மடித்த மாத்திரை அட்டை ஒன்று, காலி. எடுத்துப் போட மனம் வரவில்லை. உள்ளேயே வைத்துத் தைத்துவிட்டேன்.